முன்பல் மேஜை

எனக்குப் பொறாமைதான். இல்லவே இல்லைன்னு நல்லவ வேஷம் போட எனக்கு வராது.

நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டு மருமகள்கள். நான் மூத்தவ. சின்னவ என் கொழுந்தன் பொண்டாட்டி. பல் செட் செய்யுற லேப்ல அவளைக் கையோட கூட்டிட்டு வந்து சேர்த்துவிட்டதே நான்தான். டாக்டருங்க அனுப்புற வாய் அச்சைப் பாத்து மெழுகுல பல் செதுக்கணும், அதுதான் வேலை. கடைவாய்ப் பல்லுன்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் யாரு எட்டிப் பாக்கப் போறாங்க? முன்பல் அப்படியா? சிரிச்சா ஊரே பாக்கும். அதுக்குன்னே ஜன்னலோரமா, நல்ல வெளிச்சத்துல ஒரு மேஜை உண்டு. அங்க இருக்கிறவங்க வேலையை விட்டுப் போனா அடுத்தது நான்தான்னு இருந்தேன்.

அப்பல்லாம் சின்னவ ஒரு ஆளே இல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல், புருஷனோட சண்டை, எல்லாத்தையும் மண்டையில ஏத்திக்கிட்டு வருவா. கை நடுங்கும். செஞ்சதுல பாதி திரும்பி வரும். நான்தான் சரிபண்ணிக் குடுப்பேன். அது எனக்குப் பிடிச்சும் இருந்துது.

அப்புறம் யாரோ ஒரு டாக்டரம்மா, மனசுல ஓடுறதை தினமும் எழுதுன்னு அவகிட்டச் சொல்லிட்டாங்க. காலையில வந்ததும் ஒரு நோட்டை விரிச்சு கடகடன்னு எழுதுவா. மூடி வைப்பா. அப்புறம் மெழுகைக் கையில எடுத்தா சாப்பாட்டு நேரம் வரைக்கும் தலை நிமிர மாட்டா. கை நடுக்கம் போன இடம் தெரியல. திரும்பி வர்றதும் நின்னுபோச்சு. முதலாளி அவ மேஜைகிட்டயே நிக்க ஆரம்பிச்சார். ஒருநாள் நானும் போய் நின்னேன்.

"அப்படி என்னதான்டி எழுதுற?"

"ஒண்ணுமில்லக்கா, மண்டையில இருக்கிற குப்பைதான். எழுதிட்டா அது நோட்டுல கிடக்கும், நான் பாட்டுக்கு வேலை பாப்பேன். வேணும்னா படிங்க."

படிச்சேன். விடுவேனா? தண்ணி மோட்டார் சத்தம், பிள்ளையோட இருமல், பயமா இருக்கு, தூக்கம் வரல, இப்படியே போகுது. பக்கம் பக்கமாப் புரட்டியும் என்னைப் பத்தி ஒரு வரி கிடையாது. வேலை வாங்கிக் குடுத்தவளுக்கு ஒரு திட்டுக்கூடவா இல்ல? அந்த அளவுக்குக்கூட நான் அவளுக்கு முக்கியமில்ல போல.

அவளால முடியுதுன்னா என்னால முடியாதா? நானும் நோட்டு வாங்கினேன். காலையில அடுப்புல உலையை ஏத்திட்டு உக்காந்து எழுதுவேன். "என்ன, யாருக்கு சொத்து எழுதி வைக்கிற?"ன்னு கேட்டார் எங்க வீட்டுக்காரர். நோட்டைக் கையால மறைச்சுக்கிட்டு எழுதினேன்.

என்ன எழுதுறது? மனசுல ஓடுறதைத்தானே எழுதச் சொன்னாங்க. எனக்கு ஓடுறது அவதான். இன்னைக்கும் முதலாளிகிட்ட இடதுபக்கம் இருக்கிற அந்தத் தெத்துப்பல்லைக் காட்டி இளிச்சா. அது எப்படித் தூக்கிக்கிட்டு நிக்குது, உதட்டுல எங்க இடிக்குது, சிரிப்பு அடங்குறப்போ எப்படி மறையுதுன்னு தினம் தினம் எழுதினேன். சும்மா சொல்லக்கூடாது, எழுத எழுத மனசு லேசாச்சு. எனக்கும் வேலையில கவனம் கூடினமாதிரிதான் இருந்துது.

அந்தச் சமயத்துல ஜன்னல் மேஜை காலியாச்சு. கூடவே, கீழ விழுந்து முன்பல் போன ஒரு டீச்சருக்குச் செட் கேட்டு வந்துது. முதலாளி அவங்களோட பழைய போட்டோவை ரெண்டு பிரதி எடுத்து எங்க ரெண்டு பேருக்கும் குடுத்தார். யாருது பொருந்துதோ அவங்களுக்கு ஜன்னல் மேஜைன்னுட்டார். மறுநாள் காலையில வழக்கம்போல எழுதிட்டுத்தான் போனேன். மெழுகு என் கைக்குச் சொன்னபடி வளைஞ்சுது. என் ஆயுசுல அப்படி ஒரு வேலை செஞ்சதில்ல. முடிச்சதும் மேஜை எனக்குத்தான்னு முடிவே கட்டிட்டேன்.

முதலாளி ரெண்டையும் ஜன்னல்கிட்ட எடுத்துட்டுப் போனார். அவளோடதைப் பாத்துத் தலையாட்டினார். என்னோடதை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"இந்த போட்டோல தெத்துப்பல் எங்கம்மா இருக்கு?"

போட்டோவைப் பிடுங்காத குறையா வாங்கிப் பாத்தேன். டீச்சருக்கு அடிச்சு வச்சமாதிரி நேர்வரிசை. நான் செஞ்சதுல இடதுபக்கம் ஒண்ணு தூக்கிக்கிட்டு நிக்குது, பக்கத்துப் பல் மேல லேசா ஏறி. நான் யாரையும் பாக்கல. முதலாளிதான் மெதுவாத் திரும்பிச் சின்னவளைப் பாத்தார். அவ சட்டுன்னு கையால வாயை மூடிக்கிட்டா.

"நீ இதுவரைக்கும் செஞ்சதுலயே இதுதான் உசத்தி"ன்னார் அவர். "ஆனா ஆள் வேற."

மேஜை அவளுக்குப் போச்சு. சாயங்காலம் அவளோட சாமானெல்லாம் ஜன்னல்பக்கம் போயிடுச்சு. நான் குனிஞ்சபடி கடைவாய்ப் பல் ஒண்ணைச் சுரண்டிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து நின்னா.

"அக்கா, சின்ன வயசுல இருந்து எனக்கு இந்தப் பல்லே பிடிக்காது. நீங்க செஞ்சிருக்கிறதைப் பாத்தா அழகா இருக்கு. அதை நான் வச்சுக்கட்டுமா?"

தரமாட்டேன்னுட்டேன். இழுப்பறையில வச்சுப் பூட்டி, சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். அவளுக்குத்தான் வாயிலேயே ஒண்ணு இருக்கே.