பதினாலாம் நம்பர் கணினி

பதினாலாம் நம்பர் கணினியில் மவுஸ் அம்பு அசையாமல் நின்றபோது தேர்வு முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஜானகி மவுஸைத் தூக்கி மேசையில் தட்டிப் பார்த்தாள். விசைகளை அழுத்தினாள். அவள் மூட நினைத்த ஒரு சன்னல் பாதி அழிந்து, பாதி அழியாமல் திரையில் தொங்கியது. பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் மட்டும் ஓயாமல் கரகரத்தது. அதன் சிவப்பு விளக்கு ஒரு நொடிகூட அணையவில்லை. எழுந்து நின்றால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று உட்கார்ந்தபடியே கையை மட்டும் தூக்கினாள்.

புவனேஸ்வரி வந்து குனிந்தாள். அரியலூரிலிருந்து சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும் பஸ்ஸில் தினமும் பெரம்பலூர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து நெடுஞ்சாலையோரம் இருக்கும் இந்தத் தனியார் கல்லூரிக்கு வருகிறவள். மூன்று வருடமாக லேப் அசிஸ்டெண்ட். முப்பது கணினிகளும் போன ஆகஸ்டில்தான் லினக்ஸோடு வந்து இறங்கின. வந்த நாளிலிருந்து இதே கதை. ஒரு சன்னலைத் திறந்தால் அது வருவதற்குள் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். விற்ற கடையிலிருந்து வந்தவன், லினக்ஸ் என்றால் அப்படித்தான் என்றான். துறைத்தலைவர் கிருஷ்ணமூர்த்தியும் அதையே சொன்னார். ஓசியில் வருவது ஓடுவதே பெரிது என்று சிரிக்கவும் செய்தார்.

"சேவ் பண்ணுனியா?"

"பண்ணும்போதுதான் மேடம் நின்னுச்சு. புரோகிராம் ஓடிருச்சு. அவுட்புட் வந்துச்சு. நீங்க பாத்தீங்கள்ல?"

பார்த்திருந்தாள். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். வண்ணத்திரை போய், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வர இரண்டு நிமிடம் ஆனது. கடவுச்சொல் கொடுத்ததும் இன்னும் ஒரு நிமிடம். எது நினைவகத்தைத் தின்கிறது என்று பட்டியலைப் பார்த்தாள். கோப்புகளைத் தேடி வைக்கிற ஒரு வேலை யாரும் கேட்காமலேயே பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லி எழுதினாள். மேலே, மொத்த நினைவகம் என்ற இடத்தில் நூற்றுப் பதினெட்டு எம்பி என்று இருந்தது. அந்த எண்ணை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். இருக்க வேண்டிய ஐந்நூற்றுப் பன்னிரண்டில் மீதியை லினக்ஸ் ஒளித்து வைத்திருக்கும் என்று கடைக்காரன் சொன்னதை நம்பியும் இருக்கிறாள்.

சிவப்பு விளக்கு முதல்முறையாகக் கண் சிமிட்டியது. மெல்லத் தளர்கிறது என்று தெரிந்தது.

"இன்னும் ஒரு நிமிஷம் சார், வந்துரும்."

பின்னால் வந்து நின்ற கிருஷ்ணமூர்த்தி அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ரீசெட் பொத்தானை அழுத்தினார்.

"எக்ஸ்டர்னல் உக்காந்திருக்காரு. நீ என்ன இங்க ஆராய்ச்சி பண்ணிட்டிருக்க?"

திரை அணைந்தது. சேவ் பாதியில் அறுபட்டதில், ஜானகி இரண்டரை மணி நேரமாக எழுதியது அதோடு போனது.

திருச்சியிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் அருள்முருகன், மறுபடி உயிர் பெற்ற கணினியில் ஒன்றும் இல்லாததைப் பார்த்தார். மெஷின் கோளாறா என்று கேட்டார். புவனேஸ்வரி வாயைத் திறப்பதற்குள் கிருஷ்ணமூர்த்தி முந்திக்கொண்டார்.

"மெஷின் எல்லாம் நல்லா இருக்கு சார். ஜனவரி யுனிவர்சிட்டி இன்ஸ்பெக்‌ஷன்ல பாத்துட்டுப் போனதுதான். இந்தப் பொண்ணு கண்டதையும் தொறந்து வச்சிருக்கும்."

அருள்முருகன் கடிகாரத்தைப் பார்த்தார். தாளில் ஏதோ எழுதினார். ஜானகி அழவில்லை. தன் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். விக்கிரமங்கலத்தில் கூலிவேலை செய்யும் வீட்டிலிருந்து வருகிறவள். சென்னையில் ஒரு கம்பெனி போன மாதம் அவளை எடுத்திருந்தது. ஜூனுக்குள் எல்லாத் தாளும் பாஸாகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. மறுதேர்வு நவம்பரில்தான்.

லேப் காலியானதும் புவனேஸ்வரி கதவருகே நின்றாள்.  ஜனவரி என்ற சொல் காதிலேயே நின்றது. இன்ஸ்பெக்‌ஷன் நடந்த இரண்டு நாளும் முப்பது கணினிகளும் குதிரை மாதிரி ஓடின. அதற்கு முந்தைய வாரம் அவள் தேவையில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்திருந்தாள். தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து, வீட்டில் கணவனிடம் பெருமையாகச் சொன்னாள். அடுத்த வாரமே பழையபடி ஆனபோது, தான்தான் எதையோ கெடுத்துவிட்டதாக நினைத்து வருந்தினாள். அந்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின சனிக்கிழமை கடைக்காரன் ஒரு பெட்டியோடு வந்ததும், கிருஷ்ணமூர்த்தி அவளைச் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னதும் இப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன.

மேசை இழுப்பறையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். பிரித்தால் வாரண்டி போகும் என்று எழுதி ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கிழித்தாள். பதினாலாம் நம்பர் பெட்டிக்குள் ஒரே ஒரு மெமரி, நூற்று இருபத்தெட்டு எம்பி; திரைக்கு எடுத்துக்கொண்டது போக மீதிதான் அந்த நூற்றுப் பதினெட்டு. பக்கத்தில் இருந்த இரண்டாவது பள்ளம் காலி. பெட்டி முழுக்கத் தூசி படிந்திருந்தது, அந்தப் பள்ளம் மட்டும் துடைத்த மாதிரி இருந்தது. பக்கத்துப் பெட்டியைத் திறந்தாள். அதிலும் அப்படியே. நான்கு பெட்டியைப் பார்த்த பிறகு ஐந்தாவதைத் திறக்க அவளுக்குத் தேவை இருக்கவில்லை. இருப்புப் பதிவேட்டில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று இருக்கிறது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் இருப்பது அவளுடைய கையெழுத்து.

கிருஷ்ணமூர்த்தி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், எல்லா மெஷின்லயும் நூத்தி இருபத்தெட்டுதான் இருக்கு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாட்டிட்டு அப்புறம் கழட்டிட்டுப் போயிருக்காங்க."

"கதவைச் சாத்து."

அவள் சாத்தவில்லை.

அவரே எழுந்து வந்து சாத்தினார். "மெஷினைத் தொறக்கச் சொல்லி யாரு சொன்னா? பதிவேட்டுல யார் கையெழுத்து இருக்கு?"

"நீங்க சொல்லித்தான சார் போட்டேன்."

"நான் சொன்னேன்னு அதுல எழுதியிருக்கா? இங்க பாரு புவனா, இது என் தலைக்கு மேல நடந்தது. மேலேர்ந்து சொல்லித்தான் நானும் செஞ்சேன். வெளிய போச்சுன்னா மொதல்ல வூட்டுக்குப் போறது நீதான். அந்தப் பொண்ணு நவம்பர்ல எழுதிக்கட்டும். யாரும் செத்துப்போயிரல."

அவள் இன்னும் ஏதோ கேட்கத்தான் நினைத்திருந்தாள். அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. டப்பாவின் மூடியை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு வெளியே வந்தாள்.   மூன்று வருடமாக "சரிங்க சார்" என்று தலையாட்டிய ஒருத்தியை அறையவேண்டும்போல் இருந்தது.

விருந்தினர் அறையில் அருள்முருகன் தனியாக இருந்தார். அவள் சொல்வதை முழுக்கக் கேட்டார்.

"வாயால சொன்னா காத்தோட போயிரும்மா. எழுதிக் குடுங்க. அஞ்சு மணிக்கு மார்க் ஷீட்டை சீல் வச்சிருவேன்."

அவருடைய பேனாவையே வாங்கி எழுதினாள். கணினி நின்றது மாணவியின் தவறல்ல. நினைவகம் குறைவாக இருந்தது. நிரல் சரியாக ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். திரை மீண்டு வருமுன் துறைத்தலைவர் ரீசெட் செய்தார். கடைசியாக ஒரு வரி எழுத அவளுக்கு நேரம் பிடித்தது. ஆகஸ்டில் பெட்டியைத் திறந்து பார்க்காமல் பதிவேட்டில் கையெழுத்திட்டது நான்.

அவர் இரண்டு முறை படித்தார். "இதைக் குடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுதுல்ல?"

"தெரியும் சார்."

"இன்னிக்குள்ள ஒழுங்கா ஓடுற மெஷின்ல உக்காரவச்சா நான் மறுபடி பாக்கறேன். பொண்ணு எங்க?"

ஜானகி நெடுஞ்சாலை நிழற்குடையில் இருந்தாள். ஒரு பஸ் அவளை விட்டுவிட்டுப் போயிருந்தது. புவனேஸ்வரி ஓடிவந்து மூச்சு வாங்கியபடி சொன்னதைக் கேட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் ஏன் மேடம் வரணும்? மறுபடி நிக்கும். மறுபடி என்னையத்தான் சொல்லுவாங்க."

"நிக்காது."

"இந்த வருஷம் பூரா நீங்களும் இதத்தான் சொன்னீங்க. 'வெயிட் பண்ணு, வந்துரும்'னு. லேப்புக்கு வரும்போதெல்லாம் எனக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு நெனச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன். வெயிட் பண்ணிப் பண்ணி எனக்கு அலுத்துப்போச்சு."

 லாரி ஒன்று இருவர் மேலும் புழுதியை வாரிப் போட்டுவிட்டுப் போனது.

"ஆமா, சொன்னேன்," என்றாள். "தெரியாம சொன்னேன். தெரிஞ்சுக்காம இருந்தது என் தப்பு. உன்கிட்ட அதுக்கு எப்படி மன்னிப்பு கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. இப்ப எந்திரி. அவங்க மேல கோவப்படறதா இருந்தா உள்ள வந்து எழுதிட்டுக் கோவப்படு."

 ஜானகி பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மதிய பேட்ச் மாணவர்கள் வராந்தாவில் கூடியிருந்தார்கள். இருபத்து மூன்று பேர்தான். பதினாலாம் நம்பர் போக ஆறு கணினிகள் சும்மா இருக்கும். புவனேஸ்வரி அந்த ஆறையும் சன்னலோரம் இழுத்துவைத்து எல்லார் கண் முன்னாலும் பக்கவாட்டுத் தகடுகளைக் கழற்றினாள். ஒன்றிலிருந்து மெமரியை உருவி பதினாலாம் நம்பரின் காலிப் பள்ளத்தில் அழுத்தினாள். க்ளிக் என்று உட்கார்ந்தது. பட்டனை அழுத்தினாள். வண்ணத்திரை வந்தது. எடிட்டரைத் திறந்தாள். உடனே திறந்தது.

அருள்முருகன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஜானகி கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினாள். காலையில் எழுதியதை மனதிலிருந்து எடுத்து எழுதினாள். தட்டத்தட்ட எழுத்துகள் வந்தன. முதல் சில நிமிடம் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, திரை நிற்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

வாசலில் கிருஷ்ணமூர்த்தி வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஆபீஸ் பியூன் சாமிக்கண்ணு.

"மேடம், கரஸ்பாண்டண்ட் உங்களை வரச் சொல்றாருங்க. உடனே வரணுமாம்."

"பரிட்சை முடியட்டும்ணே. வரேன்னு சொல்லுங்க."

சாமிக்கண்ணு கிருஷ்ணமூர்த்தியின் முகத்தைப் பார்த்தார். கிருஷ்ணமூர்த்தி சன்னலோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை எல்லாம் மூடி வை," என்றார் தாழ்ந்த குரலில்.

புவனேஸ்வரி நகரவில்லை. ஆறு பெட்டிகளும் வயிறு திறந்தபடி வரிசையாக இருந்தன. சாய்ந்த வெயில் ஒவ்வொன்றின் காலிப் பள்ளத்துக்குள்ளும் விழுந்திருந்தது. உள்ளே வந்த மாணவர்கள் தங்கள் இடத்துக்குப் போகாமல், ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நகர்ந்தார்கள்.