வெள்ளைக் குருணை, ஆரஞ்சுக் குருணை

பெரிதாக ஓர் ஏப்பம் வந்ததில் கடிகாரக்காரரின் கை குலுங்கிவிட்டது. முன்னாலிருந்த சின்ன மூடி கவிழ்ந்து, அதிலிருந்த ஆரஞ்சுக் குருணைகள் அத்தனையும் திறந்து கிடந்த யாரோ ஒருவரின் கைக்கடிகாரத்துக்குள் போய் விழுந்தன. சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் நின்றது. அதற்கும் அஜீரணம் போலிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

குருணைகள் நெஞ்செரிச்சல் கேப்சூலுடையவை. ஒரே கூட்டுக்குள் இரண்டு மருந்து. எந்த நிறம் எதற்கு என்று அட்டையில் போடவில்லை. வெள்ளை எரிச்சலுக்கு, ஆரஞ்சு மந்தத்துக்கு என்று அவரே முடிவு கட்டிவிட்டார். பொழுதெல்லாம் பொடிப்பொடிச் சாமான்களைப் பிரித்துப் போடுகிற கை சும்மா இருக்குமா? கேப்சூல்களைத் திறந்து, இடுக்கியால் நிறம்பிரித்து, திருகாணி டப்பிகளில் சேர்த்துவைத்தார். எரிந்தால் வெள்ளை. வயிறு கல்லாய்க் கிடந்தால் ஆரஞ்சு, கொஞ்சம் தாராளமாகவே. கொஞ்ச காலமாக வயிறு கல்லாகத்தான் கிடந்தது.

காலையிலிருந்து நெஞ்சு படபடவென்று அடித்தது. நடுவில் ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு, பிறகு சேர்த்து அடித்தது. உட்கார்ந்தார், எழுந்தார், வாசல்வரை போய்த் திரும்பினார். மனைவிக்குப் போன் போட்டு, "இது கேஸா, ஹார்ட்டா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு ஹார்ட் வேற இருக்கா? இத்தனை வருஷத்துல சொல்லவே இல்லையே!"

பக்கத்துக் கடைச் சாவிக்காரன், "கேஸுதாண்ணே. உங்க பேச்சு முழுக்க அதானே," என்றான்.

அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. தெருவையே கிண்டலுக்குப் பழக்கியவர் அவர்தான்.

கடையைச் சாத்திவிட்டு மருந்துக்கடைக்கு நடந்தார். அங்கே மருந்தாளர் அவர் மனைவியின் தங்கை. கண்ணாடி மேசைமேல் டப்பிகளை வைத்தார்.

"என்ன மாமா, எங்களுக்குப் போட்டியா?"

விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துபோனது.

"முழுசா முழுங்குறத யாராவது பிரிப்பாங்களா? சாப்பாட்டுக்கு முன்னாடி, டாக்டர் சொன்ன அளவு, அவ்ளோதான். எந்த டாக்டர் எழுதினாரு?"

"சாவிக்காரன் சாப்பிடுறான்..."

"அவன் உடம்பும் உங்க உடம்பும் ஒண்ணா? வேற என்ன மாத்திரை போடுறீங்க?"

"பல்லுக்கு ஒரு ஆன்டிபயாட்டிக்."

"இந்தக் கேப்சூலைப் பத்தி பல் டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு பல்லைத்தான் கேட்டாரு. வயித்தைக் கேக்கல."

அவள் சிரிக்கவில்லை. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"விளையாடாம சொல்லும்மா. கேஸா, ஹார்ட்டா?"

"எனக்குத் தெரியாது மாமா. உங்கள இப்படி நிக்கவச்சுப் பாத்து யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இதுல ஒரு மருந்து அளவு மீறினா இதயத் துடிப்பைக் குழப்பும். சில ஆன்டிபயாட்டிக் கூட சேந்தா இன்னும் மோசம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்கணும். நானும் வரேன்."

மேசையைச் சுற்றி வெளியே வந்து ஒரு கையால் ஷட்டரைப் பாதிவரை இழுத்தாள். மறு கையால் அவர் மணிக்கட்டில் நாடியைப் பிடித்தவள் விடவில்லை.