இருவருக்கு ஒரு பந்து

2019 நவம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை காலை, துறைமுகத்துக்கு வடக்கே உள்ள கோல்ஃப் மைதானத்தில், ஐம்பது வயது கடந்தவர்களுக்கான இரு நாட்டுக் கோப்பைப் போட்டி தொடங்கியது. உள்ளூர் அணியின் மூன்றாவது ஜோடியாகப் பல் டாக்டரும் பைலட்டும் இறங்கினார்கள்.

பைலட் விமானம் ஓட்டியவர் இல்லை. வெளியிலிருந்து வரும் கப்பலில் கயிற்று ஏணியைப் பிடித்து ஏறி, அதைத் துறைமுகத்துக்குள் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு இறங்குகிறவர். "எந்த ஏர்லைன்ஸ் சார்?" என்று கேட்பவர்களிடம் "தண்ணியில போற ஏர்லைன்ஸ்" என்பார். ஓய்வு பெற்ற பிறகும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்காமல் அவரால் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. டாக்டருக்கு அந்தக் கவலை கிடையாது. மற்றவர்களின் வாய்க்குள்ளேயே வாழ்ந்தவர், பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்ப்பார். அதனால் தூர அடிகளில் பைலட்டும், குழிக்குப் பக்கத்தில் உருட்டி விடும் அடிகளில் டாக்டரும் கெட்டிக்காரர்கள் என்று பெயர்.

ஆனால் ஜோடி ஆட்டத்தில் அப்படிப் பிரித்துக்கொள்ள முடியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்து. ஒருவர் அடித்தால் அடுத்த அடி மற்றவருடையது. அவர் பந்தைப் புதரில் விட்டிருந்தாலும் மணலில் விட்டிருந்தாலும், விட்ட இடத்திலிருந்து இவர் அடித்தாக வேண்டும். ஒற்றைப்படைக் குழிகளில் பைலட் ஆரம்பிப்பார், இரட்டைப்படைக் குழிகளில் டாக்டர். குழிக்குக் குழி வெற்றி தோல்வி. மொத்த அடிகளை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த இரண்டு பேரும் இப்படித்தான் ஆடி வந்தார்கள்.

கடைசி ஐந்து ஆண்டுகள் அவர்கள் நிஜமாகவே சம்பந்திகளாகவும் இருந்தார்கள். டாக்டரின் மகனுக்கும் பைலட்டின் மகளுக்கும் நடந்த கல்யாணம் ஏப்ரல் மாதம் கோர்ட்டில் முடிந்துபோனது. யார் மேல் தப்பு என்பதற்கு இரண்டு வீட்டிலும் இரண்டு கதை இருந்தது. பிள்ளைகள் இருவரும் எந்தக் கதையையும் சொல்லவில்லை. ஒத்துவரவில்லை என்றார்கள், அவ்வளவுதான். முதலில் வீட்டை விட்டு வெளியேறியது பையன் என்பதால் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் பைலட்டுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நடக்கவில்லை. அவருடைய வலப்பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு டாக்டர் பாதி வைத்தியம் பார்த்து, தற்காலிகமாக அடைத்துவிட்டு, பத்து நாள் கழித்து வரச் சொல்லியிருந்தார். அந்தப் பத்து நாளுக்குள் கோர்ட்டு விஷயம் வந்துவிட்டது. பைலட் ஏழு மாதமாக இடப்பக்கமே மென்றுகொண்டிருந்தார்.

"ஊர்ல வேற பல் டாக்டரே இல்லியா?" என்றாள் மனைவி.

"பாதி பாத்தத இன்னொருத்தர் எப்படிம்மா தொடுவாரு?"

"இங்க எல்லாம் அப்படித்தான். எதையும் முடிச்சுத் தொலைக்கறதில்ல."

ஆபீசுக்குப் போட்டுக்கொள்ளும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அப்பா, டைவர்ஸ் எனக்கும் அவருக்கும். நீங்க ரெண்டு பேரும் எதுக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கீங்க? எங்களுக்கே இவ்வளவு இல்ல."

பைலட் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வாசலுக்குப் போனார்.

அணியின் கேப்டன் ஆடாத கேப்டன். பாங்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். போட்டிக்கு முன் பைலட்டுக்குப் போன் செய்தார்.

"உங்க ரெண்டு பேரையும் பிரிச்சு வேற வேற ஆளோட போடட்டுமா?"

"அவர் என்ன சொல்றாரு?"

"உங்களக் கேக்கச் சொன்னாரு."

"அப்ப அவரையே கேளுங்க."

"யோவ், நான் என்ன தபால்காரனா? ஒண்ணும் சொல்லலேன்னா ஒண்ணாத்தான் போடுவேன். அப்புறம் என்னை வந்து பிடிக்கக் கூடாது."

இருவருமே ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அணிக்கு ஐம்பதைப் புதிதாகத் தாண்டிய ஆட்கள் நிறையப் பேர் காத்திருந்தார்கள். தங்களுக்கு இதுதான் கடைசி என்று இரண்டு பேருக்கும் தெரியும். டாக்டர் வீடு ஊரின் மறுகோடியில். இந்தச் சனிக்கிழமையும் பேசாமல் போய்விட்டால், அப்புறம் இருவரும் சந்திப்பதற்கு ஒரு காரணமும் இருக்காது. பைலட் இதை யோசித்தபடியே ஒவ்வொரு குழியாக நடந்தார். எதிரணியில் நெட்டையான ஒருவரும் தாடி வைத்த ஒருவரும். அவர்கள் பாட்டுக்குச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். இவர்கள் நோயாளியும் வைத்தியரும் போலக் காலையில் "குட் மார்னிங்" சொல்லிக்கொண்டதோடு சரி.

பேசாமல் ஆடுவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. அதுதான் பைலட்டுக்கு ஆச்சரியம். தான் எங்கே விட்டால் டாக்டருக்கு வாட்டமாக இருக்கும் என்று அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது. டாக்டருக்கு ஏற்றத்தில் அடிப்பது பிடிக்கும், இறக்கம் ஆகாது. அதனால் பைலட் யோசிக்காமலே பந்தைக் குழிக்குக் கீழ்ப்புறமாக நிறுத்தினார். டாக்டர் இவருக்கு முழுவீச்சில் அடிக்கிற தூரத்தை மிச்சம் வைத்தார். ஒரு வீட்டில் ரொம்ப நாள் இருந்தவர்கள் இருட்டில் சுவிட்சைத் தேடாமல் போடுவது மாதிரி.

முதல் தடவை வெளிநாட்டுக்குப் போனது அவருக்கு ஞாபகம் வந்தது. எட்டுப் பேர் கொண்ட அணி, ஒரு சின்ன விடுதி, ஜோடிக்கு ஒரு அறை. எலும்பைக் கரைக்கும் குளிர். டாக்டர் குறட்டை விட்டார். அதை ஒப்புக்கொள்ளாமல் ஹீட்டர் சத்தம் என்று சாதித்தார். ஆட்டத்துக்கு முந்தின மாலை ரொட்டியைக் கடித்ததில் பைலட்டின் முன்பல் ஓரம் உடைந்தது. டாக்டர் சாப்பாட்டு மேஜையிலேயே அவரை அண்ணாந்து பார்க்க வைத்து, ஒரு தேக்கரண்டியைக் கண்ணாடியாகப் பிடித்து, டார்ச் அடித்து, "ஆ காட்டுங்க... இன்னும் கொஞ்சம்... கப்பல் உள்ள போற மாதிரி காட்டுங்க" என்றார். விடுதிக்கார அம்மாள் பதறிப்போய் வந்து, நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் என்ன வேண்டும் என்று கேட்டாள். டாக்டர் விளையாட்டாக "சம்பந்தி" என்றார். அவளுடைய மொழியில் அந்த உறவுக்கு ஒரு சொல்லே இல்லை. டாக்டர் விடவில்லை. உப்புக் குப்பியை எடுத்து "இவரோட பொண்ணு", மிளகுக் குப்பியை எடுத்து "என் பையன்" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அந்த அம்மாள் முகமெல்லாம் மலர்ந்து, உள்ளே போய், இரண்டு பேருக்கும் ஒரு கேக் கொண்டுவந்து வைத்தாள். அப்போது பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தன, ஒன்றை ஒன்று பார்த்ததுகூட இல்லை. உடைந்த பல்லோடு பைலட் பாதிக் கேக்கைத் தின்றார். மறுநாள் மழையில் ஜெயித்தார்கள். அன்றிலிருந்து மைதானத்தில் ஒருவரை ஒருவர் வேறு எப்படியும் கூப்பிட்டது கிடையாது. ஏழு ஆண்டு கழித்துப் பிள்ளைகளே வந்து கேட்டபோது, தாங்கள் சொல்லிச் சொல்லித்தான் இது நடந்தது என்று இரண்டு பேரும் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

பதினாறாவது குழிக்கு வரும்போது ஒரு குழி பின்தங்கியிருந்தார்கள். அந்தக் குழிக்கு முன்னால் ஒரு குளம். குளத்தைத் தாண்டி ஒரே அடியில் அக்கரைப் புல்தரையில் போட வேண்டும். இரட்டைப்படைக் குழி, டாக்டரின் அடி. தாடிக்காரரின் பந்து ஏற்கனவே அக்கரையில் பத்திரமாகக் கிடந்தது. காற்று எதிரே மாறியிருந்ததைப் பைலட் கவனித்தார். வழக்கமாக இருந்தால் "காத்து எதுக்க அடிக்குது, ஒரு கட்டை பெரிசா எடுங்க" என்று சொல்லியிருப்பார். டாக்டர் அடித்தார். பந்து நல்ல உயரத்தில் போய், காற்றில் தயங்கி, கரைக்கு முன்னால் தண்ணீரில் விழுந்தது.

டாக்டர் தண்ணீரில் எழுந்த வட்டம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல், பையிலிருந்து வேறு பந்தை எடுத்துக்கொண்டு, குளத்தின் இக்கரைக்கு நடந்தார். அபராதமாக ஒரு அடி. அதன்பின் பந்தைக் கரையில் போட்டுத் தொடரலாம். பந்தைக் கீழே போடுவதை ஜோடியில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அடிக்க வேண்டியவர் பைலட். அபராதம் வந்தாலும் வரிசை மாறாது, மாற்றி அடித்தால் அந்தக் குழி தோல்வி. இந்த ஆட்டத்தில் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்கிற பாடம் அது. டாக்டர் புதிதாக வருகிறவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

டாக்டர் பந்தைப் போட்டார். ஆனால் விலகி நிற்கவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு பந்துக்குப் பக்கத்தில் காலை ஊன்றினார்.

பைலட்டுக்கு உடனே புரிந்தது. தடுக்க ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வாயில் தானாக வந்த சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றது. இப்போது அவர் சம்பந்தி இல்லை. சம்பந்தியாக இருந்து இல்லாமல் போனவரைக் கூப்பிட நம் மொழியிலும் சொல் கிடையாது. டாக்டர் என்று நோயாளிகள் கூப்பிடுவார்கள். பெயரைச் சொல்லி அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இதையெல்லாம் யோசிப்பதற்குள் கட்டை மேலே போய்விட்டது.

அது அன்றைய நாளின் மிக நல்ல அடி. பந்து குளத்தைத் தாண்டி, ஒரு தடவை குதித்து, கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. யாரும் கை தட்டவில்லை. நெட்டையர் தன் கையுறையைக் கழற்றி மாட்டினார். தாடிக்காரர் மரங்களைப் பார்த்தார். எதிராளியின் தவறைக் கண்டும் காணாமல் விட்டுவிட இந்த ஆட்டத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு. இருவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

டாக்டர் திரும்பிப் பைலட்டின் முகத்தைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவை. பார்த்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார்.

"தப்பு என்னுது. என் அடி இல்ல அது. இந்தக் குழி உங்களுக்கு" என்று எதிரணியிடம் சொல்லிவிட்டு, நடந்துபோய்ப் பந்தை எடுத்துக்கொண்டார்.

இரண்டு குழி பின்னடைவு. மீதி இரண்டே குழி. இரண்டையும் ஜெயித்தால் சமன், இல்லாவிட்டால் தோல்வி. பதினேழாவது குழிக்குப் போகும் பாதை சரளைக்கல் போட்டது, ஒரு ஆள் அகலம். டாக்டர் முன்னாலும் பைலட் பின்னாலும் தள்ளுவண்டிகளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"தண்ணியில போட்டது நான்" என்றார் டாக்டர், திரும்பாமல். "அதுக்கு நீங்க வந்து அடிக்கணுமான்னு இருந்துச்சு. நானே சரி பண்ணிடலாம்னு போயிட்டேன்."

"இதுல அப்படி முடியாதே."

"தெரியும்." சற்று நடந்தார். "நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? நான் அடிக்கப் போறேன்னு தெரியலியா?"

"தெரிஞ்சுது."

"அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

பைலட் தள்ளுவண்டியை நிறுத்தினார்.

"என்னன்னு கூப்பிடறது?"

டாக்டரும் நின்றார். கைக்குட்டையை எடுத்துப் பந்தைத் துடைத்தார். ஏற்கனவே சுத்தமாக இருந்த பந்து. ரொம்ப நேரம் துடைத்தார்.

"வீட்டுல 'இந்தாங்க'ங்கறா. கிளினிக்ல நர்ஸ் 'சார்'ங்குது. போன வாரம் பல்லு புடுங்கின உடனே ஒருத்தன் 'பாவி'ன்னான். நான் எல்லாத்துக்கும் திரும்பித்தான் பாக்கறேன்."

பைலட்டுக்குச் சிரிப்பு வந்தது. அடைத்த பல்லில் காற்றுப் பட்டுச் சுளீரென்றது. பின்னால் வந்த நெட்டையர் பாதை அடைபட்டு நிற்பதைப் பார்த்துப் பொறுமையாகக் காத்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்தார்கள்.

பதினேழாவது குழியில் பைலட்டின் முதல் அடி இடப்பக்கம் நீளப் புல்லுக்குள் போனது. டாக்டர் அதைத் தோண்டி எடுத்தார். பைலட்டின் அடுத்த அடி குழியிருந்த புல்தரைக்கு ஏறி, மேட்டுப்புறத்தில் நின்றது. எதிரணி ஐந்து அடியில் முடித்துவிட்டது. டாக்டர் இதை ஒரே உருட்டலில் போட்டால் நான்கு. குழி இவர்களுக்கு, ஆட்டமும் உயிரோடு இருக்கும்.

டாக்டர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

"எறக்கத்துல கொண்டுவந்து வெச்சிட்டு நிக்கறீங்க."

"காத்து தள்ளிடுச்சு."

"எந்தப் பக்கம்? நீங்க பாருங்க."

பைலட் அவருக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். "வலது ஓரம். மெதுவா விடுங்க, தானா போயிடும்."

டாக்டர் விட்டார். பந்து வலது ஓரத்தைப் பார்த்துக் கிளம்பி, பாதி வழியில் இடப்பக்கம் சாய்ந்து, குழியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டது. குழி சமன், ஆட்டம் முடிந்தது.

நான்கு பேரும் தொப்பியைக் கழற்றிக் கை கொடுத்துக்கொண்டார்கள்.

"வலதுன்னீங்களே!" என்றார் டாக்டர், கட்டையைப் பையில் செருகிக்கொண்டே.

"வலதுதான். மெதுவா விடுங்கன்னேன், நீங்க தடவி விட்டீங்க."

"தடவினேனா? இன்னும் கொஞ்சம் தட்டியிருந்தா கடல்ல போய் விழுந்திருக்கும். எறக்கம்யா அது!"

"எறக்கம் எனக்குத் தெரியாதா? கப்பல உள்ள கொண்டுவந்தவன் நானு."

"கப்பலுக்கு ஏதுங்க எறக்கம்? தண்ணி சமமாத்தானே கெடக்கு?"

"அலையெல்லாம் என்னன்னு நெனச்சீங்க, சித்திரமா?"

மைதானத்தின் குறுக்கே, ஒரு கையால் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு மறுகையால் சரிவு எப்படி என்று வரைந்து காட்டிக்கொண்டே இருவரும் நடந்தார்கள். டாக்டர் ஓரிடத்தில் நின்று, பந்தைத் தரையில் வைத்துச் செய்தே காட்டினார். தூரத்தில் இருந்த கேப்டனுக்கு வார்த்தைகள் கேட்கவில்லை, கைகள் மட்டும் தெரிந்தன. ஏழு மாதமாகப் பயந்துகொண்டிருந்தது இன்று நடந்தேவிட்டது என்று நினைத்து, தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு, இருவரையும் விலக்கிவிட ஓடி வந்தார்.

அவர்களுடைய ஆட்டம், இரண்டு குழி வித்தியாசத்தில், ஒரு குழி மீதமிருக்க, தோல்வி என்று பலகையில் எழுதப்பட்டது. மறுநாள் தனி ஆட்டங்களில் பைலட் ஜெயித்தார், டாக்டர் தோற்றார். கோப்பையை ஏழுக்கு ஐந்து என்ற கணக்கில் விருந்தினர் அணி எடுத்துச் சென்றது.