வெளிர்நீல நீச்சலுடை

நீச்சல் குளத்தில் அவர்கள் வீட்டுக் குழந்தைகள் மூன்று பேர் இருந்தார்கள். சீதாலக்ஷ்மி எண்ணியபோது இரண்டு தலைதான் வந்தது. மறுபடி எண்ணினாள், மூன்று. சற்றுப் பொறுத்து எண்ணினாள், இரண்டு.

"அண்ணா, ஒரு தலை குறையுதே."

"நாப்பது தாண்டினா அப்படித்தான் சீதா. கண்ணாடிய மாத்து." ஜெயகிருஷ்ணன் போனிலிருந்து நிமிரவில்லை.

மே மாதம். மைசூரில் அவர்கள் குடியிருப்பின் குளத்தில் நல்ல கூட்டம். தீபாவளிக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் தைப்பது அந்த வீட்டு வழக்கம். கூட்டத்தில் நம் பிள்ளைகள் சட்டென்று தெரிவார்கள். அதே யோசனையில், தன் பிள்ளைகள் ஸ்நேஹாவுக்கும் சுஹாஸுக்கும், அண்ணன் மகள் மேகனாவுக்கும் வெளிர்நீலத்தில் ஒரே மாதிரி நீச்சலுடை வாங்கியிருந்தாள்.

மீண்டும் இரண்டு. மூன்றாவது தலை இந்த முறை மேலே வரவே இல்லை.

"ஸ்நேஹா, மேகனா எங்கடி?"

"சும்மா முங்கி விளையாடுறாம்மா." அடுத்த நொடி அவள் முகம் மாறியது. "அம்மா, கால்ல என்னமோ இடிக்குது!"

ஜெயகிருஷ்ணன் சட்டையோடு குதித்தான். பெஞ்சுக்கு நேர் எதிரே, அடித்தரையில் கிடந்தாள் மேகனா. கத்தவில்லை, கையைக் காலை அடிக்கவும் இல்லை. வெளியே எடுத்ததும் இருமினாள், பிறகு அழுதாள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் பிறகும் மூச்சைத் திணறடிக்கலாம் என்று மருத்துவமனையில் மாலைவரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

"அங்கேயேதானே உக்காந்திருந்தேன்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான் ஜெயகிருஷ்ணன். இரவு அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, ஆளில்லாத குளத்தில், மேகனாவின் நீச்சலுடைக்குள் கல்லைக் கட்டி அமிழ்த்தினாள் சீதாலக்ஷ்மி. பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீச்சலுடையைக் காணோம். தரையில் நீல ஓடு. அதன்மேல் நீரின் நீலம். சிற்றலை ஒவ்வொன்றும் உருவத்தைத் துண்டு துண்டாக்க, துண்டுகள் ஓடுகளோடு கலந்துவிட்டன. கரையில் பிள்ளையைக் காட்டிக்கொடுத்த துணி, நீருக்குள் ஒளித்துவைத்திருக்கிறது.

வெள்ளைத் துண்டை அமிழ்த்தினாள். தரையில் ஆடும் வெயில் திட்டுகளில் அதுவும் ஒன்றாகிப் போனது. கடைசியாக ஸ்நேஹாவின் ஆரஞ்சு டீ-ஷர்ட். அது கலையாமல், தணல் மாதிரி அடியில் கிடந்தது.

"தெரியுது," என்றான் ஜெயகிருஷ்ணன்.

"தெரிஞ்சா மட்டும்? கை எட்ட வேண்டாமா?"

அவன் போனை அணைத்து அவள் பைக்குள் போட்டான்.

அன்றே மூவருக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் நீச்சலுடை வாங்கினார்கள். பிள்ளைகள் குளத்தில் இருக்கும்வரை, நீச்சல் தெரிந்த ஒரு பெரியவர் போன் இல்லாமல், கை எட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே நிற்பது என்று முடிவாயிற்று.