பண்ணையம்மாவின் உயரம்

பண்ணையம்மா முப்பத்து நாலாவது வயதில் மறுபடியும் வளரத் தொடங்கினாள். அந்த வருடம் மாட்டுத் தீவனம் விலை ஏறியிருந்தது, ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது. ஊர்நலச் சங்கம் கேட்டுக்கொண்டபடி பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசியைச் சுரண்டிவிட்டு வந்த அன்று செருப்பு சிறியதாகிப் போய்க் காலைக் கடித்தது. தையல்காரரின் படுத்த படுக்கையான அம்மாவுக்குச் சோறு ஊட்டத் தொடங்கிய மாதம், சமையலறை வாசல்நிலை நெற்றியில் இடித்தது. ஊருக்கு ஒரு வேலை செய்து முடித்தால் கொஞ்சம் வளர்வாள். டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, சத்து மாத்திரையை நிறுத்தச் சொன்னார். புருஷன் பால்பண்ணைக்காரர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாடு மேய்க்கத் தெரிந்தவர். அவளை ஏற இறங்கப் பார்த்து, "நல்லதாப் போச்சு. பரண்ல வைக்கோல் எடுக்க இனி ஏணி வேணாம்" என்றார். ஏணியை விற்றும்விட்டார். வாசல்நிலையை உயர்த்தித் தரச் சொன்னதற்கு, "கொஞ்சம் குனிஞ்சு வாயேன். குறைஞ்சா போயிடுவ?" என்று கேட்டார்.

சங்கம் என்பது ஐந்து ஆண்கள், ஒரு பேனர், ஒரு மைக்செட். தலைவர் இரும்புக்கடைக்காரர், தும்மினாலும் மைக்கில்தான் தும்முவார். ரத்ததான முகாமுக்கு ஆள் திரட்டுவது, காய்ச்சல் கண்ட வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவது, வலி எடுத்த பெண்களை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவது எல்லாம் பண்ணையம்மா. மேடையேறி "சங்கம் செய்தது" என்பது தலைவர். பாலைக் கறந்து, களை எடுத்து, சாணி அள்ளி, இடையில் கிடைத்த நேரத்தில் அவள் ஊருக்கு ஓடினாள். ஐம்பது வயதில் தெருவிளக்கு பல்பை நின்றபடியே மாற்றினாள். யாரும் வாயைப் பிளக்கவில்லை. எரியாத பல்புகள் எந்தெந்தத் தெருவில் என்று மட்டும் சொன்னார்கள். ஆண்டுவிழாப் படங்களில் தலைவர் நடுவில் முழுசாகத் தெரிய வேண்டும் என்பதால், படக்காரர் அவருடைய அளவுக்குத்தான் கேமராவை வைப்பார். அந்தப் படங்கள் சங்கத்து ஹாலில் வரிசையாக மாட்டியிருந்தன. முதல் படத்தில் அவளுக்கு நெற்றி இல்லை. கடைசிப் படத்தில் ஐந்து ஆண்களுக்குப் பின்னால் பூப்போட்ட திரை ஒன்று தொங்கியது. அது அவளுடைய சேலை.

வெளியூரில் வேலை பார்த்த மகள் ஒருமுறை வந்தபோது, அம்மா வீட்டுக்குள் நுழைய முடியாமல் மாட்டுக்கொட்டகையில் படுத்திருப்பதைப் பார்த்துக் கொதித்துப் போனாள்.

"இந்த வெத்துவேட்டுங்களுக்கு எதுக்கும்மா இப்படி மாடா உழைக்கிற?"

"இவனுங்களுக்கா? தையல்காரர் அம்மாவுக்குடி. நான் போகலைன்னா அந்த மனுஷி பட்டினியிலயே போயிடும். இவனுங்க ரெண்டு நிமிஷம் மௌனமா நின்னுட்டு டீ குடிக்கப் போவானுங்க."

அவளுக்கு அறுபது தாண்டிய வருடம் ஏரிக்கரை உடைந்தது. தலைவர் ஹால் மொட்டைமாடியில் ஏறி நின்று மைக்கில் அவளைக் கூப்பிட்டார். பண்ணை இருந்தது சற்று மேட்டில், அங்கே தண்ணீர் வராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எதற்கும் மாடுகளை அவிழ்த்துவிடும்படி புருஷனிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கூரைகளை முக்கிய வெள்ளம் அவளுக்கு இடுப்பளவு. குழந்தைகளை மடியில் கட்டிக்கொண்டாள். தையல்காரரின் அம்மாவைக் கட்டிலோடு தலையில் வைத்துக்கொண்டாள். கடைசியாக மொட்டைமாடிக்கு வந்தபோது தலைவர் கை நீட்டித் தடுத்தார்.

"முதல்ல மைக்செட்ட எடுத்துக்கம்மா. அது சங்கத்துச் சொத்து."

அவரைச் சட்டைக் காலரில் பிடித்துத் தூக்கினாள். மைக்செட்டையும் எடுத்துக்கொண்டாள், இல்லாவிட்டால் அந்த மனிதர் வழியெல்லாம் அழுதிருப்பார்.

பண்ணைக்குத் திரும்பினால் வெள்ளம் மேட்டையும் தொட்டிருந்தது. மாடுகள் ஒன்று குறையாமல் வரப்பில் நனைந்துகொண்டு நின்றன. இடிந்து விழுந்த கொட்டகைச் சுவருக்கு அடியில் புருஷன் கிடந்தார், கையில் கடைசி மாட்டை அவிழ்த்த கயிறு. கல்யாணமான நாளிலிருந்து அவர் முழுசாக முடித்த வேலை அது ஒன்றுதான். அவரைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு அவள் திட்டினாள். "இன்னிக்குத்தானா உங்களுக்குச் சுறுசுறுப்பு வரணும்? நாற்காலியத் தூக்கிட்டு வரப்புக்கு ஓட வேண்டியதுதானே?" தொண்டை கட்டிப்போன பிறகும் திட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சங்கம் வந்தது. ஐந்து பேர், ஒரு துடைப்பம். அவள் உயரத்துக்குத் தோதாகக் காம்பில் மூங்கிலை வைத்து நீட்டிக் கட்டியிருந்தார்கள்.

"உங்க துக்கம் புரியுதும்மா" என்றார் தலைவர். "சங்கம் உங்க பக்கம் நிக்குது. ஆனா பாருங்க, ஹால் பூரா சேறு. நாளைக்கு மந்திரி வர்றாராம்."

"முடியாது."

இத்தனை வருடத்தில் கேட்டறியாத சொல் என்பதால், காதில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் தலைவர் இன்னொரு தடவை கேட்டார். அவள் குனிந்தாள். முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தாள்.

"முடியாதுன்னேன். சேறு உங்க உயரத்துலதான் இருக்கு. நீங்களே அள்ளுங்க."

அவர்கள் அள்ளவில்லை. காயட்டும் என்று காத்திருந்தார்கள், மந்திரியும் வரவில்லை. செய்ய ஆள் இல்லாததால் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாமல் சங்கம் இரண்டு வருடத்தில் கலைந்தது. கலைவதற்கு முன் அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தனுப்பினார்கள், அதில் தலைவர் பெயர்தான் பெரிய எழுத்தில் இருந்தது. அதைக் கவிழ்த்துக் கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்தாள். தையல்காரரின் அம்மா சாகும்வரை தினமும் போய், ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சோறு ஊட்டினாள், யாரும் அனுப்பாமல், யாருக்கும் சொல்லாமல். அதற்கு மேல் அவள் வளரவில்லை. மகள் வேலையை விட்டுவிட்டு வந்து, முதல் காரியமாக அம்மா நிமிர்ந்து நடக்கிற அளவுக்கு ஒரு கொட்டகை போட்டாள். இரண்டு பேரும் முப்பது வருடம் மாடு வளர்த்தார்கள்.

தொண்ணூற்று நாலாவது வயதில் ஒருநாள், பால் கறந்து முடித்துவிட்டு வந்து வயலில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு நீளக் குழி ஊர் மயானத்தில் வெட்ட முடியாது. மகள் அங்கேயே மண் போட்டு மூடினாள். சில வருடம் கழித்துப் புறவழிச் சாலை நேராக அந்த வயலுக்கு வந்தது. அம்மாவின் காலை மட்டும் கொஞ்சம் மடக்கி வைக்க முடியுமா என்று அதிகாரி கேட்டார். மகள் மண்வெட்டியை எடுத்துவந்து எதிரே நின்றாள். சாலை வளைந்து போனது. வெட்டவெளியில் எதற்கு இப்படி ஒரு வளைவு என்று புதிதாக வரும் லாரிக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். அங்கே பஞ்சர் ஒட்டுகிறவர் டயரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொல்வார்:

"ஒரு அம்மா கால நீட்டிப் படுத்திருக்காங்க. சுத்திப் போங்க."