பூச்சிய அணிக்கு வைத்த பெயர்

கணக்கு டீச்சருக்கு, எண்களை நிரையும் நிரலுமாக அடுக்கும் அணிகள் என்றால் உயிர். அவற்றைத் தட்டச்சு செய்வதென்றால் மட்டும் உயிர் போகும். கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சி நூல் எழுத ஒப்புக்கொண்டிருந்தாள். கணிதத்தை அச்சுக்குக் கோக்கும் லேடெக் மென்பொருளில் ஓர் அணியைப் போட வேண்டுமானால் தொடங்கச் சொல்லி ஒரு வரி, எண்களுக்கு நடுவே ‘அண்ட்’ குறி, நிரை முடிந்தால் இரண்டு சாய்கோடு, கடைசியில் முடிக்கச் சொல்லி இன்னொரு வரி. ஒரு குறி விட்டுப்போனாலும் பக்கம் வராமல் அடம்பிடிக்கும். புத்தகத்திலோ நானூறு அணிகள்.

மூன்றாம் அத்தியாயத்தில் அதே அலகு அணியைப் பதினேழாவது முறை அடித்தபோது அவள் பொறுமை போயிற்று. அன்றைக்கே உட்கார்ந்து எல்லா வகை அணிக்கும் சொந்தக் கட்டளைகள் செய்துகொண்டாள். ஒரு சின்னப் பெயரை அடித்தால் முழு அணியும் வந்து நிற்கும். பெயர் வைப்பதில்தான் வம்பு. அவள் நினைத்த பெயரையெல்லாம் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று மென்பொருள் தள்ளிவிட்டது. நம் உறவுமுறைகளை யார் வந்து எடுத்திருக்கப் போகிறார்கள் என்று அந்தப் பக்கம் திரும்பினாள்.

அலகு அணியோடு எதைப் பெருக்கினாலும் அதுவே திரும்பி வரும். அக்கா வீட்டுக்காரரும் அப்படித்தான், அக்கா எதைச் சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு “அதானே!” என்பார். அது ‘அத்தான்’ ஆயிற்று. நிற்பதைப் படுக்க வைத்துப் படுத்ததை நிமிர்த்தும் நிரை நிரல் மாற்றுக்கு மகளின் செல்லப்பெயர், ‘குட்டி’. எதைப் பெருக்கினாலும் ஒன்றுமில்லாமல் அடிக்கும் பூச்சிய அணிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘நாத்தனார்’.

கணவரின் தங்கை பொல்லாதவள் அல்ல. புதுத் திரைச்சீலையைக் காட்டினால், “ரெண்டு துவையலுக்கு வெளுத்துடும் அண்ணி” என்பாள். குட்டி முதல் பரிசு வாங்கி வந்தால், “மொத்தம் எத்தனை பேர் கலந்துக்கிட்டாங்க?” என்பாள். அவ்வளவுதான். டீச்சர் கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தாள்: ‘எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சுழியாக்கித் தருவாள்.’

அந்த நாத்தனார்தான் பதிப்பகத்தில் பக்கம் அமைப்பவள். இந்தப் புத்தக வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவளே. ஆனால் கட்டளைப் பெயர்கள் அச்சுப் பக்கத்தில் தெரியாது. பக்கங்களை மட்டும்தானே அனுப்பப் போகிறோம் என்று டீச்சர் தைரியமாக இருந்தாள்.

திங்கட்கிழமை காலை பதிப்பகத்திலிருந்து மூலக் கோப்பைக் கேட்டார்கள். வகுப்புக்கு மணி அடித்துவிட்ட அவசரத்தில் அனுப்பிவிட்டு ஓடினாள். கரும்பலகையில் பாதிப் பூச்சியங்கள் எழுதியிருக்கும்போது கை அப்படியே நின்றது. “மிச்சத்தை நீங்களே போட்டுப் பாருங்க” என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மூலக் கோப்பில் ‘நாத்தனார்’ என்ற பெயரும் பக்கத்துக் குறிப்பும் அப்படியே இருந்தன.

மதியம் பதிப்பகத்துக்குப் போனபோது நாத்தனார் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“வாங்க அண்ணி. உங்க கோப்பைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“அது வந்தும்மா... சும்மா விளையாட்டுக்கு...”

“விளையாட்டெல்லாம் சரி. ஆனா தப்பு பண்ணியிருக்கீங்க.”

நாத்தனார் திரையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“என்னை ரெண்டுக்கு ரெண்டாவே அடைச்சு வச்சுட்டீங்க. ஐம்பத்தெட்டாம் பக்கத்துல ரெண்டுக்கு மூணு அணியோட என்னைக் கூட்டச் சொல்றீங்க. அளவு ஒத்துப்போகாம எப்படிக் கூடும்? கட்டளையை மாத்திட்டேன். அளவைச் சொன்னா அந்த அளவுக்கு வந்து நிப்பேன்.”

டீச்சர் குனிந்து பார்த்தாள். உண்மைதான். மூன்று முறை சரிபார்த்தும் அவள் கண்ணில் படாத பிழை.

“கோவம் இல்லையே உனக்கு?”

“படிச்சதும் சுருக்குன்னுதான் இருந்துச்சு. அப்புறம் அந்தத் திரைச்சீலை ஞாபகம் வந்துச்சு, சிரிச்சுட்டேன்.” நாத்தனார் நாற்காலியைத் திருப்பினாள். “ஆனா ஒண்ணு அண்ணி. பெருக்கினாத்தான் நான் சுழி. கூட்டிப் பாருங்க, யாருக்கும் ஒண்ணும் குறையாது.”

டீச்சருக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

அப்போது மேலாளர் எட்டிப் பார்த்தார். “புத்தகம் முழுக்க வளைவு அடைப்பு வேணாம், சதுர அடைப்பு போடுங்க. ஒரு வாரம் ஆகுமா?”

அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லா அணிகளும் கட்டளை வழியாகத்தான் வருகின்றன. நாலு வரியை மாற்றினால் நானூறும் மாறும்.

“ஒரு வாரத்துல முடிச்சுடலாம் சார்” என்றாள் நாத்தனார் முகத்தை நீட்டிக்கொண்டு. அவர் நகர்ந்ததும் மூன்று நிமிடத்தில் மாற்றி முடித்தாள்.

“பொய் சொல்லிட்டியே!”

“மிச்ச நாள்ல நிதானமாப் பிழை பார்க்கலாம். நீங்களும் தினம் வாங்க.” அவள் கோப்பின் கடைசியில் புதிதாக ஒரு கட்டளை அடித்தாள். பெரிய அணியின் நடுவில் எண்களுக்குப் பதிலாக வரிசையாக நிற்கும் மூன்று புள்ளி அது. பெயர் ‘அண்ணி’.

“எனக்கு ஏன் அது?”

“போன்ல நீங்க எந்தப் பேச்சைத்தான் முடிச்சிருக்கீங்க?”

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்தி, வயிறு வலிக்கச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து முறைத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இருவரும் நாலாம் அத்தியாயத்தைத் திறந்தார்கள்.