இரண்டு விரல் இடைவெளி

ரெட் தன் காரிலிருந்து ஏசியைக் கழற்றியபோதே அவன் மனைவி, என் தங்கை டீகன் கேட்டாள்: "ஜனவரியில இதுல எப்படிடா உட்கார்றது?"

"ஃபேன் இருக்குல்ல? காத்து வரும்."

ஏசி இருந்த இடத்தில், எஞ்சினுக்கு வேகம் கூட்டும் டர்போ ஏறியது. எங்கள் ஆஸ்திரேலிய ஊரான வையாலாவில் கோடை உச்சமான அந்த மாதம் நிழலிலேயே நாற்பத்து நான்கு டிகிரி. பானெட்டுக்குள் பேட்டரி வெந்தது. பிரேக் ஆயில் டப்பாவின் மூடி உருகிக் கோணியது. எஞ்சின் புகையை வெளியேற்றும் இரும்புக் குழாய்கள் மேல், காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோல், வெப்பத்தை உள்ளேயே அடக்கும் நாடாவைச் சுற்றினான் ரெட். பிறகு பானெட்டின் கீல்களுக்கு அடியில் வாஷர்களை அடுக்கி, முன்கண்ணாடிப் பக்கம் இரண்டு விரல் அளவு தூக்கிவிட்டான். எங்கள் ஊரில் டர்போ வைத்த எல்லோரும் செய்வதுதான். சிக்னலில் நின்றால் அந்த இடுக்கிலிருந்து அனல் நெளிந்து எழும்.

"பாரு மச்சான், உள்ள சூடு பதினெட்டு டிகிரி எறங்கிடுச்சு!" ஷெட்டில் என் கையில் பீரைத் திணித்தான்.

"எனக்கு இந்தக் கார்ல ஏறினாலே தலை வெடிக்குது," என்றாள் டீகன். "புகை வாடை வேற."

"உனக்கு ரொட்டி வாட்டினாலே வாந்தி வருது. டோஸ்டரையும் கழட்டிடவா?"

சிரித்தோம். அவளும் சிரித்தாள். அவளுக்கு ஆறாம் மாதம். எதை முகர்ந்தாலும் குமட்டுகிற ஒருத்தி காரைக் குறை சொன்னால் யார் காதில் ஏறும்? ரெட்டின் கார் என்றைக்கு மணந்தது?

முதல் பிள்ளை மூன்றாம் மாதமே கலைந்திருந்தது. இது தங்கிவிட்டது. பின் இருக்கையில் குழந்தை சீட்டை மாட்டும் கொக்கியை ரெட் அப்போதே பொருத்திவிட்டான். காலை இருக்கையில் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான்.

மருத்துவப் பரிசோதனைக்காகப் பக்கத்து ஊரான போர்ட் அகஸ்டாவுக்குப் போனார்கள். நெடுஞ்சாலையில் சாலை வேலை. நிறுத்தப் பலகையோடு ஒருவன் வழி மறித்து நின்றான். லாரிகள் கிளப்பிய செம்மண் புழுதிக்குப் பயந்து ஜன்னல்களை ஏற்றிவிட்டு ஃபேனை முழு வேகத்தில் வைத்தான் ரெட். வண்டி நின்றபடியே உறுமிக்கொண்டிருந்தது. மற்ற நாளானால் அந்நேரம் எஞ்சின் கொதித்திருக்கும். அன்று சூடு காட்டும் முள் அசையவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னான். டீகன் தூங்கிவிட்டாள். வெயில் அசதி என்று நினைத்தான். அவனுக்கும் தலை வலித்தது.

ஆஸ்பத்திரி வாசலில் எழுப்பினான். அவள் எழவில்லை.

நான் இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் டீகன் கண் திறந்திருந்தாள். குழந்தையின் இதயத் துடிப்பு கிடைக்கவில்லை.

டாக்டர் ரெட்டை வெளியே கூப்பிட்டார். "அவங்க ரத்தத்துல புகை விஷம் ஏறியிருக்கு. வீட்ல ஜெனரேட்டர் ஏதாவது ஓட்டுனீங்களா?"

"இல்ல."

"அடுப்பு?"

"கரண்ட் அடுப்பு."

"இங்க எதுல வந்தீங்க?"

ரெட் வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தான்.

அந்த வாரம் நானும் அவனும் ஷெட்டில் நாடாவைப் பிரித்தோம். வெளியேற வழியில்லாத சூட்டில் குழாய் வெடித்திருந்தது. விரிசலைச் சுற்றிக் கருப்புப் புகைக்கரி. நாடா அதை ஒழுங்காக மூடி வைத்திருந்தது. அங்கே கசிந்த புகை, நின்ற வண்டியில், அனலோடு சேர்ந்து பானெட்டின் இடுக்கு வழியாக மேலே வந்திருக்கிறது. ஃபேன் வெளிக்காற்றை இழுக்கும் துவாரம் கண்ணாடிக்குக் கீழே, சரியாக அந்த இடத்தில்தான். ரெட் இடுக்கில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தான். எடுக்கவே இல்லை.

டீகனை ஆஸ்பத்திரியிலிருந்து என் வண்டியில்தான் கூட்டி வந்தேன். இறங்கியவள் வீட்டுக்குள் போகாமல் நேரே ரெட் இருந்த ஷெட்டுக்குப் போனாள்.

"எவ்வளவு எறங்குச்சுன்னு சொன்ன?"

"என்னது?"

"சூடு."

ரெட் தரையைப் பார்த்தான். "பதினெட்டு."

அவள் காரின் பின்கதவைத் திறந்து, குனிந்து, கொக்கியைப் பிடித்து இழுத்தாள். காலை இருக்கையில் ஊன்றி மறுபடி இழுத்தாள். அசையவில்லை.

"இதை நல்லாத்தான் மாட்டியிருக்க," என்றாள்.

திரும்பி வந்து என் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஜன்னலை முழுவதும் இறக்கினாள். "அண்ணா, வண்டிய எடு."